பெட்டியில் ஒரு நசுக்கமும் இல்லை, உள்ளே திரை நொறுங்கிக் கிடக்கிறது

இணையத்தில் வாங்கிய மின்சாதனங்கள் உடைந்த நிலையில் வீடு வந்து சேர்வது பற்றியே இம்முறை பல கேள்விகள் வந்திருக்கின்றன. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். கொழும்பிலிருந்து ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலைக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். தூரத்தைவிடப் பெரிய விடயம், வழியில் பொதி எத்தனை கை மாறுகிறது என்பது. விற்பனையாளரின் களஞ்சியம், கூரியர் வான், தரம்பிரிக்கும் இடம், இரவு லொறி, இங்குள்ள கிளை, கடைசியில் ஒரு மோட்டார் சைக்கிள் அல்லது ஓட்டோ. ஒவ்வொரு கையிலும் பொதி ஒருமுறையாவது இடுப்பு உயரத்திலிருந்து விழும் என்று எண்ணித்தான் அதைக் கட்ட வேண்டும். அப்படி எண்ணாமல் அனுப்பிவிட்டுப் பழியைக் கூரியர்காரப் பையனின் தலையில் போடுவது நியாயமில்லை.

கேள்வி (உவர்மலை வாசகி): 43 அங்குல ரிவி ஒன்றை இணையத்தில் வாங்கினோம். ஓட்டோவின் பின்சீற்றில் படுக்கவைத்துக் கொண்டுவந்து தந்தார்கள். பெட்டியில் ஒரு நசுக்கம்கூட இல்லை. போட்டுப் பார்த்தால் திரையில் மை கொட்டியதுபோல் கறுப்பு, அதைச் சுற்றிக் கோடுகள். சத்தம் மட்டும் நன்றாகக் கேட்கிறது. "பெட்டி நல்லாத்தானே இருக்கு, நீங்கள்தான் உடைச்சிருக்கிறீங்கள்" என்கிறார் விற்பனையாளர். வெளியே சேதமில்லாமல் உள்ளே உடையுமா?

பதில்: உடையும். பெரிய திரைகளில் அடிக்கடி நடப்பதே இதுதான். ரிவியின் திரை இரண்டு கண்ணாடித் தகடுகளால் ஆனது. ஒவ்வொன்றின் தடிப்பும் அரை மில்லிமீற்றர் அளவுதான். பெட்டிக்குள் இருக்கும் ரெஜிபோம் துண்டுகள் ரிவியின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும், சிலவற்றில் நான்கு மூலைகளையும் மட்டுமே பிடித்திருக்கும். நடுப்பகுதி அந்தரத்தில் நிற்கும். நிமிர்த்தி வைத்தால் கண்ணாடியின் பாரம் விளிம்பு வழியாகக் கீழே இறங்கும். கண்ணாடிக்கு அந்தத் திசையில் பலம் அதிகம். படுக்க வைத்தால் நடுப்பகுதி தன் பாரத்திலேயே தொய்யும். வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் விழும்போதும் அது மேலும் கீழும் வளையும். அதன் மேல் இன்னொரு பொதியை வைத்துவிட்டால் கதை முடிந்தது. கண்ணாடி தாங்கும் அளவைத் தாண்டி வளைந்தால் வெடிக்கும். காட்போட் பெட்டியோ வளைந்துவிட்டுப் பழையபடி நிமிர்ந்துகொள்ளும். பெட்டி நன்றாக இருக்கிறது என்பது பெட்டி நன்றாக இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி.

உடைவு எங்கிருந்து தொடங்கியது என்பதைத் திரையே சொல்லும். ஒரு புள்ளியிலிருந்து சிலந்தி வலைபோல் பரவியிருந்தால் அந்த இடத்தில் இடியோ அழுத்தமோ பட்டிருக்கிறது. ஒரு மூலையிலிருந்து தொடங்கினால் பெட்டி அந்த மூலையில் விழுந்திருக்கலாம். மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோடு, வெடிப்பே இல்லை என்றால் அது பெரும்பாலும் திரையின் விளிம்பில் ஒட்டப்பட்டுள்ள மெல்லிய இணைப்புப் பட்டியின் கோளாறு. அதைச் சேதமாகக் கணக்கிடாமல் உத்தரவாதத்தின் கீழ்க் கேட்க வேண்டும். இந்த வேறுபாட்டைத் தெரிந்து வைத்திருங்கள். ஏனென்றால் "பௌதிகச் சேதம்" என்று ஒரு சொல்லை எழுதிவிட்டால் உத்தரவாதம் அத்துடன் செத்துவிடும். திரையை மாற்றும் செலவோ புது ரிவியின் விலையை நெருங்கும்.

இனி வாங்குபவர்களுக்கு. ரிவி பெட்டி படுக்கவைத்து வந்தால், இறக்குவதற்கு முன்னரே, அது வண்டியில் கிடக்கும் நிலையில் ஒரு படம் எடுங்கள். பெட்டியின் ஆறு பக்கங்களையும் எடுங்கள். அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது படத்தில் தெரிய வேண்டும். பணம் கொடுக்காமல் திறக்க விடமாட்டோம் என்று பல கூரியர்கள் சொல்வார்கள். அப்படியானால் கையொப்பமிடும் தாளில் "படுக்கவைத்துக் கொண்டுவரப்பட்டது, உள்ளே பரிசோதிக்கவில்லை" என்று எழுதிவிட்டுக் கையொப்பமிடுங்கள். போன் திரையில் விரலால் கையொப்பம் வாங்கினால், அதே நிமிடத்தில் அதே வசனத்தை விற்பனையாளருக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள்.

பிறகு வீடியோ. முகவரித் துண்டில் தொடங்கி, ஆறு பக்கங்கள், வெட்டப்படாத ரேப், வெட்டுவது, வெளியே எடுப்பது, பின்புறத்தில் உள்ள தொடர் இலக்கம், மின்சாரம் கொடுத்துத் திரை ஒளிர்வது வரை இடையில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். நிறுத்தி நிறுத்தி எடுத்த வீடியோவை ஏற்க மாட்டார்கள். தூக்கும்போது இருவர் சட்டத்தின் கீழ் விளிம்பிலும் பக்கங்களிலும் பிடியுங்கள். திரையில் உள்ளங்கை படக்கூடாது. மின்சாரம் கொடுக்குமுன் டோர்ச் வெளிச்சத்தைத் திரைக்குச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். உள்வெடிப்பு இருந்தால் வெள்ளிக் கோடாக மின்னும். நகத்தால் தடவினால் தட்டுப்படாது, ஏனென்றால் கண்ணாடிக்கு மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டப்பட்டிருக்கிறது. ஆகவே நகத்துக்குத் தட்டுப்படவில்லை என்பதால் வெடிப்பு இல்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

கேள்வி (கிண்ணியா வாசகர்): 4 ரெராபைற் ஹாட் டிஸ்க் ஒன்று, ஒரு சுற்றுப் பபிள் ஷீட்டோடு கறுப்புப் பொலித்தீன் பையில் போட்டு வந்தது. பெட்டியே இல்லை. பூட்டினேன், வேலை செய்கிறது. நம்பிக் கல்யாணப் படங்களை அதில் போடலாமா?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். காரணத்தைக் கணக்காகவே காட்டலாம்.

விழும் பொருள் தாங்கும் அதிர்ச்சியை ஈர்ப்பு விசையின் மடங்காக, ஜி என்ற அலகில் அளப்பார்கள். விழுந்த உயரத்தை, நிற்பதற்குக் கிடைத்த தூரத்தால் வகுத்தால் சராசரி ஜி வரும். 75 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழுந்த டிஸ்கைச் சுற்றி 3 மில்லிமீற்றர்தான் நசுங்க இடமிருந்தால், 750 ஐ 3 ஆல் வகுக்க 250 ஜி. உச்சம் இந்தச் சராசரியைப் போல் இரு மடங்குகூட வரும். மேசைக் கணினியில் போடும் 3.5 அங்குல டிஸ்குகள், ஓடாமல் இருக்கும்போது தாங்கும் அளவாக உற்பத்தியாளர்கள் குறிப்பிடுவது பெரும்பாலும் 250 முதல் 350 ஜி வரைதான். அதாவது ஒரு சுற்றுப் பபிள் ஷீட்டோடு, மேசை உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் ஒரு விழுகை போதும். அதே டிஸ்கைச் சுற்றி 4 சென்ரிமீற்றர் மென்மையான ஃபோம் இருந்து அதில் பாதி நசுங்கினால், 75 ஐ 2 ஆல் வகுக்க 37.5 ஜி. உச்சம் இரு மடங்கானாலும் 75. கூடுதலாக ஒரு சிறு பெட்டியும் நாலு ஃபோம் துண்டும் வைத்திருந்தால் போதும். அதைச் செய்யாததுதான் கோபத்தைத் தருகிறது.

அடிபட்ட டிஸ்க் உடனே சாகாது, அதுதான் ஆபத்து. படிக்கும் தலை தட்டின் மேல் சில நனோமீற்றர் உயரத்தில் மிதக்கிறது. அதிர்ச்சியில் தலையோ அதைத் தாங்கும் கையோ சிறிது வளைந்திருந்தாலும், ஒரு துகள் உள்ளே உதிர்ந்திருந்தாலும், டிஸ்க் ஓட ஓடக் கீறல் பெருகும். மூன்று மாதம் கழித்து, திருப்பிக் கொடுக்கும் காலமும் முடிந்த பிறகு, ஒருநாள் "டிக் டிக்" என்று கேட்கும்.

ஆகவே இன்றே சோதியுங்கள். முதலில் ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைத்திருக்கும் பட்டியலைப் பாருங்கள். கிறிஸ்ரல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். பழுதான இடங்களைக் காட்டும் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளின் மூல எண்ணும் பூச்சியமாக இருக்க வேண்டும். எத்தனை மணிநேரம் ஓடியது என்ற எண்ணையும் பாருங்கள். புது டிஸ்கில் அது ஆயிரக்கணக்கில் இருந்தால் அது புதியதே அல்ல. அடுத்து, விண்டோஸில் ஃபோர்மற் செய்யும்போது "குயிக்" என்ற அடையாளத்தை எடுத்துவிட்டு முழு ஃபோர்மற் கொடுங்கள். அது டிஸ்க் முழுவதிலும் எழுதி, பழுதான இடங்களைத் தேடும். விநாடிக்கு 150 மெகாபைற் என்று கணக்கிட்டால் 4 ரெராபைற்றை ஒருமுறை முழுதாக எழுதவே ஏழரை மணிநேரம் பிடிக்கும். மின்வெட்டு வரக்கூடிய வேளையில் தொடங்காதீர்கள். முடிந்ததும் அதே மூன்று எண்களையும் மறுபடி பாருங்கள். சி5 ஒன்றாக மாறியிருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். "ஒன்றுதானே" என்று விடாதீர்கள். எல்லாம் பூச்சியம் என்றால் பாவிக்கலாம். ஆனாலும் கல்யாணப் படங்களுக்கு இரண்டாவது பிரதி வேறோர் இடத்தில் இருக்க வேண்டும்.

எஸ்எஸ்டி, அதாவது தட்டுக்குப் பதிலாகச் சில்லுகளில் சேமிக்கும் டிஸ்க் வாங்கியவர்கள் இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. அதில் அசையும் பாகம் கிடையாது.

கேள்வி (நிலாவெளி வாசகர்): பூட்டி முடித்த கேமிங் கணினி ஒன்றை வரவழைத்தேன். கிராபிக்ஸ் கார்ட் கழன்று அடியில் கிடந்தது, அது செருகியிருந்த இடமும் மதர்போட் எனும் பிரதான மின்சுற்றுப் பலகையிலிருந்து பெயர்ந்துவிட்டது. பூட்டிய கணினியை அனுப்பவே கூடாதா?

பதில்: அனுப்பலாம், பூட்டியபடியே அனுப்பக்கூடாது. இன்றைய பெரிய கிராபிக்ஸ் கார்ட்கள் ஒரு கிலோவைத் தாண்டும். அவ்வளவு பாரத்தையும் பிடிப்பது பின்பக்கத்தில் இரண்டு திருகாணிகளும் ஒரு பிளாஸ்டிக் செருகியும்தான். பெட்டி பக்கவாட்டில் விழும்போது கார்ட் ஒரு கடப்பாரைபோல் வேலைசெய்து செருகியைக் கிளப்பிவிடும். கோபுரம்போல் நிற்கும் சிபியூ கூலரும் அப்படித்தான். ஒரு கிலோ உலோகம் மதர்போட்டில் தொங்கிக்கொண்டு குலுங்கினால், மதர்போட்டின் உள்ளே இருக்கும் செப்புத் தடங்கள் அறுந்துபோகும். வெளியே எதுவும் தெரியாது.

ஒழுங்காகச் செய்பவர் கிராபிக்ஸ் கார்ட்டைக் கழற்றி அதன் சொந்தப் பெட்டியில் தனியாக அனுப்புவார். பெரிய கூலரையும் கழற்றுவார், அல்லது கணினியின் உட்புறத்தை நிலைமின் (உராய்வில் சேரும் மின்) உண்டாக்காத பைகளில் நிரப்பிய ஃபோமால் அசையாதபடி நிறைப்பார். கேஸ், அது தொழிற்சாலையிலிருந்து வந்த பெட்டியிலும் ரெஜிபோமிலும் மறுபடி வைக்கப்பட்டு, அந்தப் பெட்டி இன்னொரு பெட்டிக்குள் போக வேண்டும். பணம் கட்டுமுன் "கார்ட்டைக் கழற்றி அனுப்புவீர்களா?" என்று எழுத்தில் கேளுங்கள். தயங்கினால் வேறிடம் பாருங்கள்.

இப்படி ஒரு கணினி வந்ததும் பிளக்கைச் சொருகாதீர்கள். பக்க மூடியைத் திறவுங்கள். உள்ளே நிரப்பிய ஃபோமை எடுங்கள். எடுக்க மறந்து போட்டு, விசிறி நின்று சூடேறிய கணினிகள் உண்டு. கேஸை மெதுவாகச் சரித்துக் கேளுங்கள். கலகலத்தால் ஒரு திருகாணி எங்கோ உருள்கிறது. அதைக் கண்டெடுக்காமல் மின்சாரம் கொடுத்தால் மதர்போட் ஷோர்ட் ஆகிப் போய்விடலாம். கூலரை விரலால் இலேசாக அசைத்துப் பாருங்கள், ராம் (நினைவகத் துண்டு) சரியாகப் பூட்டியிருக்கிறதா பாருங்கள், மின் வயர்களை ஒவ்வொன்றாக அழுத்திவிடுங்கள். அதன்பிறகுதான் சுவிற்ச்.

கேள்வி (சீனக்குடா வாசகர்): "உடையும் பொருள்" என்ற சிவப்பு ஸ்ரிக்கர் ஒட்டச் சொன்னால் கவனமாகக் கொண்டுவருவார்களா?

பதில்: ஸ்ரிக்கரை நம்பி ஒரு சென்ரிமீற்றர் ஃபோமைக்கூடக் குறைக்கக் கூடாது. இரவு லொறியில் இருட்டில் ஏற்றுகிறவர் அதைப் படிப்பதில்லை. விலை கூடிய பொருளுக்கு, குறித்த அளவு அதிர்ச்சி பட்டதும் நிறம் மாறிச் சிவப்பாகும் அதிர்ச்சிகாட்டி ஒட்டித் தரச் சொல்லலாம். அது பொருளைக் காப்பாற்றாது, ஆனால் விழுந்தது என்பதற்குச் சாட்சி சொல்லும்.

கேள்வி (மூதூர் வாசகி): ராம் இரண்டு துண்டு வாங்கினேன். ஒன்று ரோஸ் நிறப் பிளாஸ்டிக் பையில், மற்றது சாதாரணப் பையில், இரண்டையும் சேர்த்துக் கடித உறையில் போட்டு வந்தது. இது சரியா?

பதில்: சரியில்லை. ரோஸ் பை தானாக நிலைமின் உண்டாக்காது, அவ்வளவுதான். வெளியிலிருந்து வரும் மின்பாய்ச்சலைத் தடுக்காது. தடுப்பது வெள்ளி நிறத்தில் மினுங்கும் பை. சாதாரணப் பொலித்தீனும் ரெஜிபோம் மணிகளும் உராயும்போது தாங்களே நிலைமின் உண்டாக்கும். நிலைமின் சுரீரென்று அடிப்பதை நம் உடல் உணர ஏறத்தாழ 3000 வோல்ற் வேண்டும். சில சில்லுகள் 100 வோல்ற்றுக்கும் குறைவிலேயே பழுதாகும். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் கூடுதலாக இருப்பதால் ஓரளவு தப்புகிறோம். குளிரூட்டிய அறையில் பொதி செய்தால் அந்தப் பாதுகாப்பும் இல்லை.

கடித உறையில் இன்னொரு கேடு, ராம் வளைவது. கீழ் விளிம்பில் உள்ள தங்க நிறத் தொடுகைகளில் கீறலோ மூலையில் சிதறலோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பூட்டவே வேண்டாம். இல்லையென்றால் பூட்டி, ராமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்ரெஸ்ட்86 ஐ ஒரு பென் டிரைவில் ஏற்றி, நான்கு சுற்று ஓட விடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் அந்தத் துண்டு வேண்டாம்.

கேள்வி (தம்பலகாமம் வாசகர்): நான் பழைய அம்ப்ளிஃபையர்களையும் லப்டொப்களையும் திருத்தி இணையத்தில் விற்கிறேன். நல்ல பொதிக்குச் செலவு கூடுமே. குறைந்த செலவில் எப்படிக் கட்டுவது?

பதில்: இப்படிக் கேட்கிற விற்பனையாளர் ஒருவர் இருப்பதே மகிழ்ச்சி. விரிவாகவே சொல்கிறோம்.

பெட்டியின் அளவை முதலில் தீர்மானியுங்கள். பொருளைச் சுற்றி ஆறு பக்கமும் 5 சென்ரிமீற்றர் இடைவெளி வேண்டும். 36 × 25 × 3 சென்ரிமீற்றர் லப்டொப் என்றால் பெட்டியின் உள்ளளவு 46 × 35 × 13. மூன்று தாள் காட்போட் சிறிய, பாரமில்லாத பொருளுக்குப் போதும். அம்ப்ளிஃபையருக்கு ஐந்து தாள் வேண்டும். ஓரத்தை வெட்டிப் பார்த்தால் நெளி அடுக்கு இரண்டு தெரியும். நனைந்து காய்ந்த பெட்டியையும், மூலை மடிந்து மென்மையான பெட்டியையும் பாவிக்காதீர்கள். காட்போட் ஈரத்தில் பலத்தின் பாதியளவை இழந்துவிடும். மாரி மழைக் காலத்தில் இதை இருமடங்கு கவனியுங்கள்.

ரெஜிபோமுக்குக் காசு கொடுக்க வேண்டாம். ரிவி, குளிர்சாதனப்பெட்டி விற்கும் நகரத்துக் கடைகளில் கேட்டால், அவர்கள் எறியவிருக்கும் தடித்த துண்டுகள் கிடைக்கும். உடையாத, ஈரம்படாத துண்டுகளாகப் பார்த்து 5 சென்ரிமீற்றர் தடிப்பில் கத்தியால் வெட்டி எடுங்கள். சட்டியும் பானையும் கட்டுவதுபோல் வைக்கோல், தும்பு வைப்பது வேண்டாம். தூசி விசிறிக்குள்ளும் பொத்தான்களுக்குள்ளும் போகும், ஈரத்தையும் இழுத்து வைத்திருக்கும். கசக்கிய பத்திரிகைத்தாள் பாரமில்லாத பொருளுக்குச் சரி. ஐந்து கிலோ அம்ப்ளிஃபையர் அதை முதல் 50 கிலோமீற்றரிலேயே அமுக்கிவிடும், மிச்சத் தூரத்துக்கு வெறும் பெட்டிதான்.

லப்டொப்புக்கு: மூடுவதற்கு முன், விசைப்பலகைக்கும் திரைக்கும் நடுவே மெல்லிய ஃபோம் தாள் ஒன்றை மட்டும் வையுங்கள். தடித்தது வைத்தால் அதுவே திரையை உடைக்கும். பொலித்தீன் பைக்குள் போட்டு வாயை ஒட்டுங்கள். மழைநீர்க் காப்பு பெட்டிக்கு வெளியே அல்ல, உள்ளே இருக்க வேண்டும். சிறு குமிழ்ப் பபிள் ஷீட் இரண்டு சுற்று கீறலிலிருந்து காக்கும். அடியைத் தாங்குவது பெரிய குமிழ் அல்லது ரெஜிபோம். சார்ஜரை லப்டொப்பின் மேல் வைக்கவே வேண்டாம். பெட்டி குலுங்கும்போது அது சுத்தியல்போல் அடிக்கும். அதை ஒரு சிறு காட்போட் பெட்டியில் போட்டு, பெட்டியின் ஒரு பக்கச் சுவரோடு ஒட்டிவிடுங்கள். பொருட்கள் பாதியில் உடைவதற்கு வெளியடியைவிட இந்த உள்ளடி பல தடவை காரணம்.

அம்ப்ளிஃபையருக்கு: பாரமெல்லாம் ட்ரான்ஸ்போமரில் இருக்கிறது. அதன் போல்ற்றுகளை முதலில் இறுக்குங்கள். எந்தப் பக்கத்தில் ட்ரான்ஸ்போமர் இருக்கிறதோ அந்தப் பக்கத்தின் அடியில் ஃபோமை இரட்டிப்பாக வையுங்கள். முன்பக்கத்தில் உள்ள திருப்பும் குமிழ்களுக்கு நேரே ஃபோமில் துளை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பாரம் குமிழ்களில் இறங்கி உள்ளே இருக்கும் வொலியும் கன்ட்ரோலை முறிக்கும். வால்வ் இருந்தால் கழற்றித் தனித்தனியாகச் சுற்றுங்கள்.

மூடுமுன் பெட்டியைக் காதருகே குலுக்குங்கள். சத்தமோ அசைவோ இருந்தால் இன்னும் நிரப்புங்கள். ரேப் 48 மில்லிமீற்றர் அகலமானது. நடுப் பிளவையும் இரு ஓரங்களையும் ஒட்ட வேண்டும், மேலும் கீழும் அப்படியே. மேலே சொன்ன லப்டொப் பெட்டிக்கு ஏறத்தாழ மூன்றேகால் மீற்றர் ரேப் போகும். நடுவில் மட்டும் ஒரு கோடு ஒட்டிய பெட்டி மூலையில் விழுந்தால் வாய் பிளக்கும். முகவரியின் ஒரு பிரதியை உள்ளேயும் போடுங்கள்.

பொதி சரியா என்று எப்படித் தெரியும்? பொதிகளைச் சோதிக்கும் சர்வதேச அமைப்பான ஐஎஸ்ரிஏயின் 1ஏ முறையில் உள்ள விழுத்திப் பார்க்கும் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். வேலை செய்யாத பழைய சாதனம் ஒன்றை அதே முறையில் கட்டுங்கள். பொதி பத்துக் கிலோவுக்குக் குறைவென்றால் 76 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து பத்துத் தடவை சீமெந்துத் தரையில் போடுங்கள்: ஒரு மூலை, அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்புகள், ஆறு முகங்கள். பிறகு திறந்து பாருங்கள். பொருள் நடுவிலேயே இருக்கிறதா, ஃபோம் பிளந்திருக்கிறதா, உள்ளே ஏதாவது கழன்றிருக்கிறதா என்று கவனியுங்கள். ஒருமுறை இதைச் செய்து எதுவும் ஆகாவிட்டால் அந்த அளவுப் பொருளுக்கு உங்கள் பொதிமுறை உறுதி.

பஸ்ஸில் அனுப்புவதானால் டிக்கியில் மீன் பெட்டிக்குக் கீழே போகாதபடி நின்று பார்த்து ஏற்றுங்கள். ஐஸ் கரைந்த தண்ணீர் உப்பும் சேர்ந்தது. காட்போட்டைக் கரைத்து உள்ளே இறங்கினால் வயரிங் பச்சை பூத்துவிடும்.

கேள்வி (பாலையூற்று வாசகர்): பவர் பாங்க் ஒன்று வெறும் பொலித்தீன் பையில் வந்தது. நடுப்பகுதி சற்று உப்பியிருக்கிறது. திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள். கூரியரில் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உப்பல் என்றால் லிதியம் பற்றரிக்குள் வாயு சேர்ந்திருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தி வாயுவை வெளியேற்றப் பார்க்காதீர்கள். படம் எடுத்துக்கொண்டு, ஒரு தகர வாளியில் காய்ந்த ஆற்று மணலுக்குள் வைத்து, வீட்டுக்கு வெளியே, வெயில் படாத இடத்தில், எரியக்கூடியது எதுவும் அருகில் இல்லாமல் வையுங்கள். கடற்கரை மணல் வேண்டாம், அதில் உப்பும் ஈரமும் இருக்கும்.

விற்பனையாளருக்கு எழுதுங்கள்: "பற்றரி உப்பியுள்ளது, பொதியாக அனுப்புவது ஆபத்து, படமும் தொடர் இலக்கமும் அனுப்பியுள்ளேன், பணத்தைத் திருப்பித் தரவும்." சிறிய லிதியம் பற்றரிகளைக் கொண்டுசெல்வதற்கான சர்வதேச விதிகளில், பொதி 1.2 மீற்றர் உயரத்திலிருந்து எந்தப் பக்கமாக விழுந்தாலும் பற்றரிக்குச் சேதம் வரக்கூடாது என்று இருக்கிறது. வெறும் பொலித்தீன் பை அதற்குக் கிட்டவும் வராது. இதை அவருக்குச் சொல்லத் தயங்காதீர்கள். அந்தப் பொதி வந்த லொறியில் தீப்பற்றியிருந்தால் ஓட்டியவரின் உயிர் என்னாகும்?

கேள்வி (நகரத்து வாசகி): மார்கழி மழையில் பெட்டி நனைந்து வந்தது. உள்ளே ரவுட்டர். அடுப்படியில் வைத்துக் காயவைக்கலாமா?

பதில்: அடுப்பும் வேண்டாம், அரிசிப் பானையும் வேண்டாம். மின்சாரம் கொடுக்காமல் பெட்டியிலிருந்து எடுத்து, துடைத்து, மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் வையுங்கள். காற்றுத் துளைகளுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் போடாமலே திருப்பிக் கொடுங்கள். நனைந்த பெட்டியையும் படமெடுங்கள்.

கேள்வி (அன்புவழிபுரம் வாசகர்): எல்லா ஆதாரமும் கொடுத்தும் விற்பனையாளர் "கூரியரைக் கேளுங்கள்" என்கிறார், கூரியர் "விற்பனையாளரைக் கேளுங்கள்" என்கிறது. யாரைப் பிடிப்பது?

பதில்: விற்பனையாளரை. காசு வாங்கியது அவர், கூரியரை அமர்த்தியது அவர், பொதியைக் கட்டியதும் அவர். கூரியரோடு அவருக்குள்ள கணக்கை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

போனில் பேசிப் பலனில்லை, எல்லாவற்றையும் எழுத்தில் வைத்திருங்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் இலத்திரனியல் பதிவுகளுக்குச் சட்ட அங்கீகாரம் தருகிறது. ஆகவே மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் வெறும் பேச்சல்ல. முதல் கடிதத்தில் ஐந்து விடயங்கள் போதும்: ஓடர் இலக்கமும் திகதியும், என்ன சேதம், பொதியில் என்ன குறை ("பெட்டிச் சுவருக்கும் பொருளுக்கும் இடையே ஃபோம் எதுவும் இல்லை" என்பதுபோல் அளவோடு எழுதுங்கள், "மோசமான பொதி" என்று மட்டும் எழுதினால் நிற்காது), மாற்றுப்பொருளா பணமா, எந்தத் திகதிக்குள். ஏழு நாள் அவகாசம் கொடுங்கள். கார்ட்டில் பணம் கட்டியிருந்தால் அதே வாரத்தில் வங்கிக்கும் எழுதி, கொடுப்பனவை ஆட்சேபிக்கிறேன் என்று சொல்லுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு.

பதில் வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை. 1977 என்ற இலக்கத்தில் அழைத்து வழி கேட்கலாம். ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கியதிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். விற்பனையாளரோடு இழுபட்டு இந்த மூன்று மாதத்தையும் தொலைத்துவிடாதீர்கள். பற்றுச்சீட்டு, படங்கள், கடிதங்களின் பிரதிகள் ஆகியவற்றை இணையுங்கள். வீடியோவின் மூலக் கோப்பைப் பென் டிரைவில் வைத்திருங்கள். வட்சப்பில் அனுப்பியது சுருங்கித் தெளிவிழந்துவிடும்.

இன்னொன்று. உடைந்த பொருளை மட்டுமல்ல, பெட்டி, ரெஜிபோம், பபிள் ஷீட், முகவரித் துண்டு எல்லாவற்றையும் தீர்வு வரும்வரை வைத்திருங்கள். வளவு கூட்டும்போது யாரும் எடுத்து எரித்துவிடாதபடி அறைக்குள் வையுங்கள். பொதி போதாது என்பதைக் காட்ட உங்களிடம் இருக்கும் ஒரே சான்று அந்தக் குப்பைதான்.